யானை பார்க்கப் போகுமுன் நுளம்பை நினைப்போம்



தென்னாபிரிக்காவின் குரூகர், பொட்சுவானாவின் சோபே, சாம்பியாவின் தென் லுவாங்வா காடுகளில் யானையும் சிங்கமும் பார்க்க ஆசைப்படுகிறோம். அங்கே சிங்கத்தை விட நுளம்புக்கே நாம் அதிகம் பயப்பட வேண்டும்.

"வன்னியில் வராத மலேரியாவா?" என்று அலட்சியம் வேண்டாம். அன்றைய எதிர்ப்புச் சக்தி எமக்கு இப்போது குறைந்துவிட்டது. பலெர்மோவில் பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை. ஊரில் விழுங்கிய குளோரோகுயின், ஆபிரிக்காவின் பல்சிபாரம் கிருமிக்குச் சரிவராது.

நாம் செய்ய வேண்டியவை:

1. புறப்பட 4 கிழமைக்கு முன்பே வைத்தியரைக் காண்போம். தடுப்புக் குளிசையைத் திரும்பிய பின்னும், வகையைப் பொறுத்து, 7 நாள் அல்லது 4 கிழமை எடுக்க வேண்டும்.

2. பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை நீளக்கைச் சட்டை, நுளம்பு விரட்டும் பூச்சு, வலை.

3. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மலேரியா இல்லாத பிலானஸ்பேர்க், மடிக்வே, அடோ பூங்காக்களைத் தெரிவு செய்வது நல்லது.

திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், பரசிட்டமோல் போட்டுப் படுத்திருக்க வேண்டாம். அன்றே புறொந்தோ சொக்கோர்சோ சென்று, "ஆபிரிக்கா போய் வந்தோம்" என்று முதலில் சொல்லுவோம். பல்சிபாரம் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம்; நேரத்துக்குக் கண்டுபிடித்தால் முற்றாகக் குணமாகும்.