மதுவின் அளவும் அதனைக் குறைக்கும் வழியும்

திருப்பூர் ராயபுரத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். மாதச் சம்பளம் பெறும் ஊர்களில் முப்பது நாளைக்கு ஒரு முறை எழும் கேள்வி, இங்கு ஏழு நாளைக்கு ஒரு முறை எழுகின்றது. கைக்கு வந்த கூலியில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பதே அக்கேள்வி. தறி நெய்வோர் வீட்டிலும், பருத்தியும் தென்னையும் பயிரிடுவோர் வீட்டிலும் நாள்தான் மாறுமேயன்றிக் கேள்வி மாறுவதில்லை. நெய்ததைக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளும், காய் இறக்கிப் பணம் வாங்கும் நாளும் அங்கே சனிக்கிழமையின் இடத்தில் நிற்கின்றன.

குடி குடியைக் கெடுக்கும் என்று அங்கத்தினர்கள் கேட்டுச் சலித்திருப்பார்கள். அதனை மறுபடியும் சொல்லுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடிப்பவர்களில் பெரும்பாலோர் தாம் எவ்வளவு குடிக்கிறோம் என்பதை அறியாமலே குடிக்கின்றனர். நூலின் நம்பரையும், துணியின் எடையையும், ஒரு டஜனுக்கு ஆகும் கூலியையும் விரல் நுனியில் வைத்திருக்கும் தொழிலாளி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு வைப்பதில்லை. குறைக்க வேண்டும் என்று எண்ணுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தக் கணக்கேயாகும்.

2019-ஆம் ஆண்டு மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவ நிலையத்தார் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியினால் விளைந்த கேட்டிற்கு உதவி தேவை என்று அவ்வாய்வு கண்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நால்வருக்கு ஒருவர் குடிப்பதாகக் கூறுகிறது. அதாவது நால்வரில் மூவர் குடிப்பதில்லை. “ஊரில் யார்தான் குடிக்கவில்லை?” என்ற பேச்சு கணக்கிற்கு ஒவ்வாது.

இனி அளவினைப் பார்ப்போம். பிராந்தி, ரம், விஸ்கி என்று பெயர் எதுவாயினும் உடலில் வேலை செய்வது ஆல்கஹால் எனப்படும் மதுசாரம் ஒன்றே. நம் நாட்டு மருத்துவர்கள் 10 கிராம் மதுசாரத்தை ஓர் அளவாகக் கொள்கின்றனர். கடையில் விற்கும் குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு 42.8 பங்கு மதுசாரம். ஆக 77 மில்லி. மதுசாரம் தண்ணீரைவிட இலேசானதாகையால் எடையில் அது சற்றேறக்குறைய 61 கிராம் ஆகும். எனவே ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. இருவர் கூடிப் பங்கிட்டுக் கொள்ளும் கட்டிங் மூன்று அளவு. (பனியன் கம்பெனிக் கட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதில் துணி மிச்சமாவதும் உண்டு.) நூற்றுக்கு 8 பங்கு உள்ள ஸ்ட்ராங் பீர் 650 மில்லிப் புட்டியில் நான்கு அளவு இருக்கிறது. “நான் பீர் மட்டுந்தான்” என்று சொல்லி இரண்டு புட்டி அருந்தியவர், குவார்ட்டர் அருந்தியவரைவிட அதிகமாகவே குடித்திருக்கிறார்.

ஒரே வேளையில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் மதுசாரம் அருந்துவதை உலகச் சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கணக்கிடுகிறது. “ஒரு குவார்ட்டர்தானே!” என்று நாம் சிறிதாக எண்ணும் அளவு, உலகக் கணக்கில் மிகைக்குடியின் வாசற்படியாக அமைந்திருக்கிறது. இங்கிலாந்து தேசத்துத் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016-இல் அறிவித்த வரம்பு, வாரம் முழுவதற்கும் 112 கிராம். இரண்டு குவார்ட்டர் குடித்தால் அவ்வரம்பைக் கடந்தாயிற்று. அதுவும் ஆபத்தே இல்லாத அளவு அன்று. இந்த அளவுவரை முற்றிலும் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க வரம்பு ஒன்றும் இல்லை என 2023 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தாரால் 1988-லேயே முடிவு செய்யப்பட்ட விஷயம். கல்லீரல், இரத்த அழுத்தம் முதலியவற்றைப் பற்றி அனைவரும் அறிவர்.

தொழிலாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரை மட்டுமே மதுசாரத்தை எரிக்க வல்லது. மோர், எலுமிச்சை, கடுங்காப்பி, குளிர்ந்த நீரில் குளித்தல் ஆகிய எதுவும் அதனை விரைவுபடுத்துவதில்லை. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்து முடித்தவரின் இரத்தம் தெளிய விடியற்காலை நான்கு முதல் ஆறரை மணி வரை ஆகும். 375 மில்லி அரைப் புட்டி குடித்தவருக்கோ மறுநாள் பகல் முழுதும்கூட ஆகலாம். தெளிந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டு கத்தியிலும், ஓவர்லாக் ஊசியிலும், ஓடும் தறியிலும் கை வைக்கிறார். இருசக்கர வாகனத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடச் செல்கிறார்.

பணக் கணக்கு இதைவிட எளிது. 2024 பிப்ரவரி விலையேற்றத்தின்போது சாதாரண வகைக் குவார்ட்டரின் விலை 140 ரூபாய் ஆயிற்று. அந்த விலையில், வாரத்திற்கு நான்கு என்றால் 560 ரூபாய். ஆண்டிற்கு 29,120 ரூபாய். தொட்டுக்கொள்ளும் பண்டங்களும், வேலைக்குச் செல்லாத நாளின் கூலியும் இதில் சேரவில்லை. நம் அங்கத்தினர் பலர் வட்டிக்கு வாங்கும் சிறு கடன்கள் இத்தொகைக்கு உட்பட்டவையே.

கூலி நாளுக்கும் குடிக்கும் உள்ள தொடர்பு திருப்பூருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கைத்தறி நெசவாளர் முதலியோர் வாரக் கடைசியில் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வராதிருந்ததால், அந்நாளைப் ‘புனிதத் திங்கள்’ என்று வேடிக்கையாக அழைத்தனர். அங்கே சில முதலாளிகள் கூலியைச் சாராயக் கடையிலேயே வைத்துக் கொடுப்பதும் வழக்கமாயிருந்தது. 1842-இல் சுரங்கத் தொழிலாளருக்கும், 1883-இல் பிற தொழிலாளருக்கும் அவ்வாறு கொடுப்பதைத் தடுத்துச் சட்டம் செய்யப்பட்டது. பணம் எந்த இடத்தில், எந்த வேளையில் கைக்கு வருகிறது என்பதும் குடியின் அளவைத் தீர்மானிக்கிறது என்று அச்சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தனர்.

நம் மாநிலத்தில் சட்டம் பல முறை வந்தும் போயும் இருக்கிறது. ராஜாஜி அவர்கள் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கிற்று. அதனால் நின்றுபோன வருமானத்திற்கு ஈடாக வந்ததே 1939-ஆம் ஆண்டின் விற்பனை வரி. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கள் இறக்கித் தொழில் இழந்தோர்க்காகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதை நம் இயக்கத்தின் வரலாறு அறிந்தவர்கள் நினைவுகூர்வர். 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தலாயிற்று. 2017 ஏப்ரலில் திருப்பூரை அடுத்த சாமளாபுரத்தில் கடை வேண்டாமென்று பெண்கள் உட்பட ஊரார் மறியல் செய்ததும், காவல் துறையினர் தடியடி நடத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். கடையின் விலையைத் தாளாதவர் கள்ளச் சாராயத்தை நாடுவது சிக்கனமாகாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தினால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பொருள் முதலில் பார்வையைப் பறித்துப் பின் உயிரைப் பறிப்பது.

சட்டம் எவ்வாறாயினும், வருகிற சனிக்கிழமை நாம் சந்திக்க வேண்டிய ஒன்று. குறைக்க விரும்புகிறவர் முதல் இரண்டு வாரம் எதனையும் மாற்ற வேண்டாம். ஒரு சிறு நோட்டில் தேதி, எத்தனை அளவு, யாருடன், எந்த வேளையில், என்ன செலவு என்று மட்டும் எழுதி வரட்டும். எழுதத் தொடங்கிய உடனே சிலருக்குக் குறையத் தொடங்கும் என்பது மருத்துவர்கள் கண்ட அனுபவம். இரண்டு வாரக் கணக்கைப் பார்த்தால், எந்த நாளில் எந்தக் கூட்டாளியுடன் அளவு ஏறுகிறது என்பது தானே விளங்கும். “வாங்க மாப்பிள்ளை, ஒரு கட்டிங் போட்டுட்டுப் போகலாம்” என்ற அழைப்பு கம்பெனி வாசலிலேயே வருகிறதென்றால், தடுக்க வேண்டிய இடம் அந்த வாசலே. கூலியை வங்கிக் கணக்கில் வாங்குவதும், சங்கத்தின் சேமிப்புத் தவணையை அன்று மாலையே கட்டிவிடுவதும், வேறு தெரு வழியாக வீடு செல்வதும் சிறிய உபாயங்களாகத் தோன்றலாம். ஆயினும் மனவுறுதி ஒன்றையே நம்பி நிற்பதைவிட இவை அதிகப் பலன் தருகின்றன. வெறும் வயிற்றில் குடிக்காதிருத்தல், வாரத்தில் குடிக்காத நாட்கள் இவை இவை என்று முன்னமே குறித்துவிடுதல், வீட்டில் புட்டி வைக்காதிருத்தல் ஆகியவையும் உதவும். தம் தீர்மானத்தை மனைவியிடமோ, அண்ணனிடமோ, நம்பிக்கையுள்ள நண்பரிடமோ சொல்லிவிடுவது மிக நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதனை யாரும் மேலெழுந்தவாரியாகப் படித்துச் செல்லலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர், காலையில் கை நடுங்கி அதனை நிறுத்த மறுபடியும் குடிப்பவர், ஒருநாள் ரோசத்தில் சட்டென்று முழுவதும் நிறுத்திவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் இல்லாததைக் கண்டு பிதற்றும் நிலை உண்டாகலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கினால் கடைகள் மூடப்பட்டபோது இத்துன்பத்தைப் பல குடும்பங்கள் கண்ணால் கண்டன. “பேய் பிடித்துவிட்டது” என்றும், “ஒரு வாய் ஊற்றினால் சரியாகும்” என்றும் சொல்லிக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இத்தகையோர் நிறுத்த வேண்டியது அவசியமே. ஆனால் மருத்துவரின் மேற்பார்வையில், மருந்தும் பி1 வைட்டமினும் பெற்று நிறுத்த வேண்டும். சில நாட்களில் இக்கட்டத்தைக் கடந்துவிடலாம்.

அதே போன்று, கணவருக்குத் தெரியாமல் சோற்றிலும் காப்பியிலும் ‘குடி மறக்கும் மருந்து’ கலந்து கொடுப்பதும் தகாது. அவ்வாறு விற்கப்படும் பொடியில் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிரம் என்ற மருந்து மெய்யாகவே உண்டு. ரப்பர் தொழிற்சாலையில் அதனோடு தொடர்புள்ள பொருள்களைக் கையாண்ட தொழிலாளர் சிலருக்குக் குடித்தவுடன் உடம்பு பொறுக்காமற் போனதை அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1937-இல் குறித்து வைத்தார். 1948-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் அதனைக் குடி நிறுத்தும் மருந்தாக வெளியிட்டனர். அதனை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அது துணை; தெரியாமல் கொடுத்தால் மரணம்கூட நேரலாம். குடிக்கும் வேட்கையைத் தணிக்கும் வேறு மருந்துகளும் இன்று உள்ளன.

தம் கணவரை மதுவினால் இழந்த திருமதி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தியிருக்கிறது. பட்டணத்திற்கு வந்து தங்க இயலாத உழவர்களுக்கு அம்முகாம்கள் பெருந்துணையாயின. ஊரார் கண்முன் சிகிச்சை பெற்றவருக்கு ஊராரே பிறகு காவலாயிருப்பர் என்பது அம்முறையின் சிறப்பு. நம் பகுதிச் சங்கங்களும் இதனை ஆலோசிக்கலாம் என்பது எமது அபிப்பிராயம்.

வீட்டிலுள்ளோர்க்கும் ஒரு வார்த்தை. குடித்து வந்த இரவில் வாதாடுவதால் பயனில்லை. மறுநாள் காலை தெளிந்திருக்கும்போது நோட்டுக் கணக்கை எதிரில் வைத்துப் பேசுவதே நன்று. அடிதடி நேரும் வீட்டில் பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். மூன்று மாதம் நிறுத்தியவர் ஒரு திருவிழாவில் குடித்துவிட்டால் எல்லாம் பாழாயிற்று என்று கைவிட வேண்டாம். பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் பாவையே எறிந்துவிடுவதில்லை. முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறோம். சிகிச்சைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். திருப்பூரிலேயே அத்தகைய மருத்துவமனை இருக்கிறது. வழி கேட்க 14446 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். செல்லும்போது அந்த நோட்டையும் உடன் எடுத்துச் சென்றால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கும்.