ஒர்க்‌ஷாப் முடிந்த மறுவாரம்: தன்னார்வலர்கள் திரும்பி வர என்ன செய்யலாம்?

எங்களுக்கு வருகிற கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: "காலேஜில் ஓப்பன் சோர்ஸ் ஒர்க்‌ஷாப் நடத்தினோம். ஹால் நிறைய ஆள் வந்தாங்க. சர்டிஃபிகேட் கொடுத்தோம், குரூப் போட்டோ எடுத்தோம். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா ஒருத்தரும் இல்லை. ஏன்?" இந்த எபிசோடு முழுக்க அதைப் பற்றித்தான். புதுச்சேரியில் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகள் நடத்திய அனுபவத்தில் இருந்து பேசுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் பங்களிப்பை யாரும் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்துவிடுவார்கள்; நாம பக்கத்திலேயே நிற்கிறோம் இல்லையா? இரண்டாவதை வீட்டில் இருந்து தனியாகச் செய்கிறார்களா என்பதைத்தான் பார்க்கணும். அதற்கு, அவர் அனுப்பியதைப் படித்துப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆளைத் தேடுவதுதான் ஒர்க்‌ஷாப்பின் முதல் வேலை.

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2024 மார்ச் 29 அன்று வெளியே வந்த எக்ஸ்‌இசட் விவகாரம் ஞாபகம் இருக்கும். எக்ஸ்‌இசட் என்பது ஃபைல்களைச் சுருக்குகிற ஒரு கருவி. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. லாசே காலின் என்ற ஒருவர்தான் பல வருஷமாகச் சம்பளம் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டார். "ஏன் இவ்வளவு லேட்?" என்று சிலர் நெருக்கிக்கொண்டே இருந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, ரிலீஸ் செய்யும் அதிகாரமும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினியர்தான் அதைத் தோண்டி எடுத்தார்.

கூட நாலு பேர் நிலையாக இருந்திருந்தால் அந்த ஒரு மனுஷன் அவ்வளவு தனியாக நின்றிருக்க மாட்டார். தன்னார்வலர்களை வளர்ப்பது ஏன் முக்கியம் என்று கேட்டால் நான் சொல்கிற உதாரணம் இதுதான்.

எண்ணிக்கைக்கு ஆள் சேர்த்தால்?

ஹாக்டோபர்ஃபெஸ்ட் 2014-இல் தொடங்கியது. அக்டோபர் மாசம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் அப்போது டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல் என்ன ஆச்சு? ரீட்மீ ஃபைலில் ஒரு வார்த்தையைச் சேர்த்து, "நல்ல ப்ராஜெக்ட்" என்று எழுதி ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். மாசம் பிறந்த சில நாட்களிலேயே, சம்மதம் சொன்ன ப்ராஜெக்ட்டுகள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் ப்ராஜெக்ட்டுக்கும் இதே கதை. டுடோரியல் பார்த்துப் பழகுகிறவர்கள் தங்கள் பெயரை ரீட்மீயில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இதில் பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்? எந்த பட்டனை அழுத்தணும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பக்கம் ஒருவர் ராத்திரி சாப்பிட்டு முடித்து, தூங்கப் போகும் முன் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கிறார் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப் முடிவில் "இன்று 80 புல் ரிக்வெஸ்ட்" என்று அறிவித்தால், 80 வேலையை யாரோ ஒருவர் தலையில் இறக்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

முதல் வேலையாக எதைக் கொடுப்பது?

புதுச்சேரியில் நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தொடங்குகிறேன். 2004-இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம் அது. "அது டேட்டாதானே, சாஃப்ட்வேர் இல்லையே" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் மாற்றம் செய்வது, காரணம் எழுதுவது, அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொல்வது, லைசென்ஸை மதிப்பது எல்லாமே இங்கேயும் உண்டு. கிட் கட்டளைகளோடு மல்லுக்கட்டாமல் இதையெல்லாம் பழகிவிடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியில் நடந்தால், நீல நிறப் பலகைகளில் தெருப்பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே தெருவுக்குத் தமிழ்ப் பெயர், பிரெஞ்சுப் பெயர், பழைய பெயர் என்று தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பார்த்து எழுதணும். கூகுள் மேப்ஸைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. அது காப்புரிமை உள்ளது. லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ வளர்ந்த ஒரு மாணவிக்குத் தன் தெருவைப் பற்றித் தெரிந்தது பெங்களூரில் இருக்கும் சீனியர் இன்ஜினியருக்குத் தெரியாது. முதல் நாளே அவர் கற்றுக்கொள்கிறவராக மட்டும் இல்லாமல், விஷயம் தெரிந்தவராகவும் இருக்கிறார்.

இங்கிருந்து கோடுக்கும் வழி இருக்கிறது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு ஆண்ட்ராய்டு ஆப்; "இந்தத் தெருவின் பெயர் என்ன?" என்று கேட்டு, நம் பதிலை வரைபடத்தில் சேர்க்கும். அதுவே திறமூல ஆப்தான், காட்லினில் எழுதியது. பயன்படுத்துகிறவர் மொழிபெயர்ப்பில் ஒரு குறையைப் பார்ப்பார், திருத்துவார். அடுத்து ஒரு பிழையை ரிப்போர்ட் செய்வார். சிலர் அந்த கோடைத் திறந்து பார்ப்பார்கள். எல்லோரும் கோடு வரைக்கும் வந்தே ஆகணும் என்று இல்லை.

கேள்வியைத் திட்டாக எடுத்துக்கொண்டால்

ஒரு மாணவி தன் ஏரியாவில் ஒரு தெருப்பெயரைத் திருத்தினார். இரண்டு நாள் கழித்து வேறு ஊர்க்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: "இந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது?" அந்தப் பெண் எனக்கு மெசேஜ் போட்டார்: "அண்ணா, நான் தப்பு பண்ணிட்டேன் போல. அக்கவுன்ட்டை டெலிட் பண்ணிடட்டுமா?"

அவர் தப்பே பண்ணவில்லை. நம்ம வகுப்பறையில் கேள்வி வந்தாலே மாட்டிக்கிட்டோம் என்றுதான் பழக்கம். சிவப்பு மையில் சுழித்த நோட்டு ஞாபகத்துக்கு வரும். "அவர் கேட்டது வெறும் கேள்விதான்மா. பலகையில் பார்த்தேன்னு ஒரு வரி எழுது" என்றேன். எழுதினார். அந்தப் பக்கம் இருந்து நன்றி வந்தது. நான் அந்த மெசேஜைப் பார்க்காமல் விட்டிருந்தால், அவர் அன்றோடு போயிருப்பார்.

அதனால் இப்போது ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் இதற்கே ஒதுக்குகிறேன். உண்மையான ரிவ்யூ கமென்ட்டுகளைத் திரையில் போட்டு, "இவர் என்ன கேட்கிறார்? நீங்க என்ன பதில் எழுதுவீங்க?" என்று பேசுகிறோம். பதிலைத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதுகிறோம்.

நடைமுறைக் குறிப்புகள்

நடத்த நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்க.

முன்னாடி: ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசுங்க. யார் பதில் சொல்வார், எத்தனை நாளில் என்று கேளுங்க. தெளிவான பதில் இல்லையென்றால் அந்த ப்ராஜெக்ட் வேண்டாம். பத்துப் பதினைந்து சின்ன வேலைகளை அவரோடு சேர்ந்து தேர்ந்தெடுங்க. இன்ஸ்டலேஷனை ஒரு பழைய லேப்டாப்பில் நீங்களே செய்து பாருங்க.

அன்றைக்கு: 30 பேருக்கு மேல் வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி. தெருவில் நடப்பதை வெயில் ஏறும் முன் முடிச்சிடுங்க. லேப்டாப் இல்லாதவர் போனிலேயே செய்யக்கூடிய வேலையும் இருக்கணும். காலாப்பட்டுக்கோ வில்லியனூருக்கோ பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருட்டும் முன் கிளம்ப முடியணும்.

பிறகு: அடுத்த சந்திப்பின் தேதியைக் கிளம்பும் முன்பே சொல்லிடுங்க. வந்த ஒவ்வொரு பங்களிப்பையும் 48 மணி நேரத்துக்குள் ஒருவர் பார்க்கணும். மொசில்லா தன் பங்களிப்பாளர்களை ஆராய்ந்தபோது, 48 மணி நேரத்துக்குள் ரிவ்யூ கிடைத்தவர்கள் திரும்பி வருவது மிக அதிகமாக இருந்தது.

ஒன்றை மட்டும் மறைக்காதீங்க. "இதைச் செய்தால் வேலை கிடைக்கும்" என்று ஆசை காட்டாதீங்க. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஃபைனல் இயர் மாணவருக்கு பிளேஸ்மென்ட் பயம் இருக்கும். சிலருக்கு வீட்டு வேலையே நேரத்தைத் தின்னும். மாசம் ஒரு மணி நேரம்தான் முடியும் என்றால் அதுவே போதும். முடியாது என்றால் தாராளமாக விலகலாம் என்பதையும் நம்ம வாயால் சொல்லணும்.

தனியாகத் தொடங்கவும் வேண்டாம். புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம், பக்கத்தில் விழுப்புரத்தில் விஜிலக், தமிழில் படிக்க கணியம் என்று ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசுங்க. அடுத்த ஒர்க்‌ஷாப்புக்கு போஸ்டர் டிசைன் பண்ணும் முன், மறுவாரம் பதில் எழுதப் போகிறவர் பெயரை ஒரு பேப்பரில் எழுதிடுங்க. பெயர் கிடைக்கவில்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.