உங்களுக்குத் தெரியுமா? மீன் குளமும் நீர்க்காகமும்

● பெரிய நீர்க்காகம் ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் அரை கிலோ மீன் தின்னும். நூறு பறவை சேர்ந்து ஒரு குளத்தில் ஒரு மாதம் தங்கினால் கணக்கு ஒன்றரை டன்னைத் தொட்டுவிடும். கண்மாயில் மீன்பாசி ஏலம் எடுத்தவரும், கடன் வாங்கிக் குட்டையில் குஞ்சு விட்டவரும் இதைப் பார்த்து வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது. நம் ஊர்க் குளங்களில் அதிகம் தென்படும் சின்ன நீர்க்காகம் இவ்வளவு தின்னாது. அதன் மொத்த உடல் எடையே அரை கிலோவை ஒட்டித்தான்.

● முங்கி எழுந்த நீர்க்காகம் கரையில் உள்ள குச்சியில் ஏறி, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இறகின் வெளிப்பகுதி வாத்தின் இறகைப் போலத் தண்ணீரைத் தள்ளாது, ஊறவிட்டுவிடும். இறகு நனைவதால் மிதப்பு குறைகிறது, அதனால் எளிதாக ஆழம் போக முடிகிறது. இதற்கு அது கொடுக்கும் விலையும் உண்டு. நனைந்த உடம்போடு தண்ணீரிலிருந்து எழும்ப, நீர்ப்பரப்பின் மேல் காலால் உதைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட வேண்டும். குளத்தின் குறுக்கே இணை இணையாகக் கயிறு கட்டுவது இந்த ஓட்டத்தை மறிக்கத்தான். இறங்கினால் ஏற வழியில்லை என்று கண்டுகொண்ட பறவை அங்கே இறங்கத் தயங்கும்.

● கொக்குக்கும் நாரைக்கும் அந்தக் கயிறு போதாது. அவை முங்குவதில்லை. ஓரத்தில் இறங்கி, காலளவு தண்ணீரில் அசையாமல் நின்று கொத்தும். அவற்றுக்குத் தடை கரையில்தான் இருக்க வேண்டும். கரையைச் சரிவாக விடாமல் செங்குத்தாக வெட்டி, ஓரத்திலேயே ஆழம் வரும்படி செய்தால் நிற்க இடமிருக்காது. எந்தப் பறவை வருகிறது என்று பார்க்காமல் செலவு செய்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

● வாயுவில் இயங்கும் வெடிப் பீரங்கி, சோளக்கொல்லைப் பொம்மை, பளபளக்கும் நாடா: எதை வைத்தாலும் சில நாளில் பறவைக்குப் பழகிவிடும். ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் வெடித்தால் இன்னும் சீக்கிரம் பழகும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நடுநடுவே உண்மையான ஆளும் கரையில் நடக்க வேண்டும்.

● அமெரிக்காவின் மிசிசிப்பி டெல்டா, கெளுத்தி வளர்ப்புக்குப் பேர்போன இடம். பனிக்காலம் வந்தால் வடக்கிலிருந்து இரட்டைக் கொண்டை நீர்க்காகங்கள் திரளாக வந்து இறங்கும். டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, 1970 வாக்கில் அருகிப்போயிருந்த பறவை இது. 1972-ல் டிடிடி தடையும் சட்டப் பாதுகாப்பும் வந்த பிறகு பெருகிற்று. 1998 முதல், கெளுத்திப் பண்ணையாளர்கள் தனி அனுமதி வாங்காமலே தங்கள் குளத்துக்கு வரும் நீர்க்காகத்தைச் சுடலாம் என்று அரசு விட்டுவிட்டது. சுடச்சுட அந்த இடத்துக்கு வேறு பறவை வந்துகொண்டே இருந்தது. வலசை வரும் பறவைக்கு வரத்து நிற்பதில்லையே! 2016-ல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2020 இறுதியில் புதிய கட்டுப்பாடுகளோடு வேறு விதி வந்தது.

● அதே டெல்டாவில், துப்பாக்கியைவிட மேலாகக் கைகொடுத்த முறை வேறொன்று. பகலில் குளத்தைக் காப்பதற்குப் பதிலாக, பறவை இரவு தங்கும் மரத்தைக் குறிவைத்தார்கள். சதுப்பு நிலத்து மரங்களில் பொழுது சாயும்போது நீர்க்காகங்கள் வந்து அடையும். பல ஊர்ப் பண்ணையாளர்கள் ஒரே மாலையில் எல்லா அடைமரங்களிலும் ஓசை வெடி வெடித்துக் கலைத்தார்கள். ஒருவர் மட்டும் செய்தால் பறவை பக்கத்து ஊருக்குப் போகும், எல்லோரும் சேர்ந்தால் அந்த வட்டாரத்தையே விட்டு விலகும். அந்தி வெளிச்சத்தில் சிவப்பு லேசர் ஒளியை மரத்தில் ஓடவிட்டும் கலைத்துப் பார்த்தார்கள். பறவைக்குக் காயமில்லை, சத்தமும் இல்லை. வெயில் இருக்கும்போது மட்டும் லேசர் எடுபடாது.

● தின்பது மட்டும்தான் நட்டமா? இல்லை. அமெரிக்க வெள்ளைக் கூழைக்கடாவின் குடலில் வாழும் ஒரு தட்டைப்புழுவின் முட்டை, எச்சம் வழியாகக் குளத்தில் விழும். பொரித்த புழு குளத்து நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு கெளுத்தியின் தோலுக்கடியில் போய் முடிச்சாக உட்கார்ந்துகொள்ளும். 1990-களின் கடைசியில் மிசிசிப்பி, லூசியானா பண்ணைகளில் இந்த நோய் தெரியவந்தபோது, பறவையைத் துரத்தியதோடு யாரும் நிற்கவில்லை. குளத்தோரத்தில் மயில்துத்தமோ நீர்த்த சுண்ணாம்போ போட்டு நத்தையைக் குறைத்தார்கள். நத்தை இல்லாவிட்டால் புழுவின் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

● கூட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டால் நீர்க்காகம் மறுபடி முட்டையிடும். அதனால் கடல் தீவுகளிலும் ஏரித் தீவுகளிலும் முட்டையின் மேல் மக்காச்சோள எண்ணெய் தெளிக்கிறார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு உள்ளே கரு வளராது. தாய்ப்பறவை அது தெரியாமல் அடைகாத்துக்கொண்டே இருக்கும், அந்தப் பருவம் கடந்துவிடும். ஜப்பானில் இதே வேலைக்குக் கூட்டில் உலர்பனிக்கட்டி போட்டு முட்டையைக் குளிரவைக்கிறார்கள். கேட்க மனம் கனக்கிறது. ஆனாலும், குஞ்சு பொரித்தபின் பெற்ற பறவையைச் சுட்டு, கூட்டில் குஞ்சுகளைப் பட்டினி போடுவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

● 1998 கோடையில் நியூயார்க் மாநிலத்தின் ஒன்டாரியோ ஏரியில் உள்ள லிட்டில் கலூ தீவில் 800-க்கும் மேற்பட்ட நீர்க்காகங்கள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தன. மீன்பிடி வருமானம் போகிறதே என்று கொதித்த உள்ளூர்க்காரர்கள் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். பிடிபட்டவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு அந்தத் தீவில் அரசே எண்ணெய் தெளிக்கும் வேலையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கருங்கடல் பக்கத்து உருண்டை கோபி மீன் கப்பல் வழியே அந்த ஏரியில் புகுந்து பெருகிவிட, நீர்க்காகத்தின் தீனியில் பெரும்பங்கு அந்த வேண்டாத மீனாகவே மாறிப்போனது!

● நீர்க்காகம் என்ன தின்றது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறது. செரிக்காத முள்ளையும் செதிலையும் வழுவழுப்பான சவ்வு உறையில் உருட்டி, தினமும் ஒருமுறை வாய்வழியாகக் கக்கிவிடும். அடைமரத்தின் கீழே அதைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால், அரிசி அளவில் வெள்ளையான சிறு கற்கள் கிடைக்கும். அவை மீனின் காதுக்குள் இருந்த கற்கள். ஒவ்வொரு மீன் இனத்துக்கும் அதன் வடிவம் வேறு. கல்லின் அளவைக் கொண்டு மீனின் நீளத்தையும், அதிலுள்ள வளையங்களை எண்ணி வயதையும் சொல்லிவிடலாம். இப்படிப் பார்த்ததில் சில ஏரிகளில் பறவை உண்மையிலேயே குற்றவாளி என்று தெரிந்தது. நியூயார்க்கின் ஒனைடா ஏரியில் வால்ஐ (walleye), பெர்ச் மீன்களின் இளவட்டத்தை நீர்க்காகம் கணிசமாகக் குறைத்தது. வேறு பல இடங்களில், மனிதர் விரும்பாத சில்லறை மீனைத்தான் தின்றிருந்தது. ஆராயாமல் பழிபோடுவது சரியல்ல என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

● அமெரிக்காவின் கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில், கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகளை ஆலாப் பறவைகள் அள்ளிக்கொண்டிருந்தன. ஆற்றைத் தூர்வாரிக் கொட்டிய மணலில் உருவான ரைஸ் தீவில் அவை கூடு வைத்திருந்தன. அங்கே அவற்றின் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் சால்மன் குஞ்சு. 1999 முதல் 2001-க்குள், ஆலாக்களைக் கொல்லாமல் அந்தக் கூட்டத்தையே இடம் மாற்றினார்கள். பழைய தீவில் வெறும் மணல் இல்லாதபடி செடி வளர்த்தார்கள். கடலுக்கு இன்னும் அருகில் உள்ள ஈஸ்ட் சேண்ட் தீவில் மணலைச் சுத்தம் செய்து, ஆலா பொம்மைகளை நட்டு, ஆலாக் கூட்டத்தின் கூச்சலை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பறவைகள் நம்பி வந்தன. கடல் மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், தீனியில் சால்மனின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது.

அதே ஈஸ்ட் சேண்ட் தீவில் நீர்க்காகங்களும் இருந்தன. அவற்றை 2015 முதல் சுட்டார்கள், 5,000-க்கும் மேல். 2016-ல் மிச்சமிருந்த கூட்டம் கூட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கலைந்தது. கலைந்தவற்றில் பெரும்பகுதி, ஆற்றின் மேல்பக்கம் உள்ள அஸ்டோரியா பாலத்தில் கூடு கட்டிற்று. அங்கே கடல் மீன் கிடைப்பது குறைவு. ஆகவே ஒவ்வொரு பறவையும் முன்னைவிட அதிகமாக சால்மன் குஞ்சைத் தின்னத் தொடங்கியது. ஒரே ஆறு, ஒரே தீவு. பொம்மையும் ஒலிபெருக்கியும் சாதித்ததைத் துப்பாக்கியால் சாதிக்க முடியவில்லை. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பாடம் இதுதான்.

● இஸ்ரேல் செய்வது நேர் எதிர். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் வெள்ளைக் கூழைக்கடாக்கள், பல்லாயிரக்கணக்கில், இலையுதிர் காலத்தில் அந்த நாட்டின் வழியே பறக்கும். வழியில் மீன் பண்ணைகளில் இறங்கினால் பண்ணை காலி. அதனால் ஏமெக் ஹெஃபர் நீர்த்தேக்கத்தில் விலைபோகாத மீனைக் கொண்டுவந்து கொட்டி, அவற்றுக்கு விருந்து வைக்கிறார்கள். வயிறு நிறைந்த பறவை பண்ணைக்குப் போவதில்லை.

● இங்கிலாந்தில் தூண்டில்காரர்களின் குளங்களில் மீனுக்கு மறைவிடம் செய்து கொடுக்கிறார்கள். இரும்புச் சட்டத்தில் கம்பிவலை அடித்த கூண்டு. மீன் நுழையும், நீர்க்காகம் நுழையாது என்ற அளவில் கண்ணி. உள்ளே கிளைகளையோ செயற்கை நாணலையோ நிரப்பித் தண்ணீரில் இறக்கிவிட வேண்டும். சோதனைக் குளங்களில் பறவையின் வருகையும் குறைந்தது, அது பிடித்த மீனும் குறைந்தது. உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லாத குளத்தைப் பறவை தானே கைவிட்டுவிடுகிறது. கருவேலங்கிளைகளைக் கட்டுக்கட்டாகக் குளத்தில் இறக்குவது நம்மாலும் முடிகிற வேலைதான். இழுவலை போடுவதற்கு முன் வெளியே எடுக்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமம் மட்டும் உண்டு.

● விரலளவு குஞ்சு விட்டால் எந்தப் பறவைக்கும் அது ஒரு வாய். நாற்றங்கால் குளத்தில் வலையின் கீழ் வைத்துக் கொஞ்சம் பெரிதாக்கி விட்டால், சின்ன நீர்க்காகத்தால் விழுங்க முடியாது. அந்த நாற்றங்கால் குளத்தை வீட்டை ஒட்டி, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வைப்பது இன்னும் நல்லது.

● நம் கடலோர இறால் பண்ணைகளில் குளத்தைச் சுற்றி நண்டு வேலியும், மேலே பறவைத் தடுப்பும் கட்டாயம். பறவைக்கு இரையாகும் இறாலைக் காப்பதற்காக மட்டும் அல்ல. வெண்புள்ளி நோய் கண்ட இறால் சோர்ந்து ஓரத்துக்கு வரும். காகமும் நீர்க்காகமும் முதலில் கவ்வுவது அதைத்தான். கவ்வியதைப் பறக்கும்போது பக்கத்துக் குளத்தில் நழுவவிட்டால் நோய் அங்கேயும் போய்விடும். பண்ணையில் திடீரென்று பறவை கூடினால் முதலில் இறாலைப் பாருங்கள்.

● பறவையை விரட்டாமல் காத்து லாபம் கண்ட ஊர்களும் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்காகமும் நாரையும் போடும் எச்சம் கலந்த தண்ணீர், வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதனாலேயே ஊரார், பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல் முறையிட்டு, 1790-களில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். ஜப்பானில், ஐச்சி மாகாணத்து உனோயாமா குன்றிலும் இதே கதை. எச்சத்தை உரத்துக்காகச் சேகரித்த ஊரார் நீர்க்காகங்களைக் காத்தார்கள். 1934-ல் அந்த இடம் தேசிய இயற்கைச் சின்னமானது.

● பெரு நாட்டுக் கடலோரத்தில் கோடிக்கும் மேல் கடற்பறவைகள் இருந்த காலம் உண்டு. பெரும்பாலும் குவானே நீர்க்காகங்கள். உரத்துக்காக அரசே அவற்றைக் காவல் போட்டுக் காத்தது. 1950-களுக்குப் பிறகு நெத்திலியை மனிதர்கள் கப்பல் கப்பலாக அள்ளத் தொடங்கினார்கள். எல் நினோவும் சேர்ந்துகொள்ள, 1972-ல் நெத்திலி மீன்பிடிப்பு சரிந்தது, பறவைகளும் பட்டினியில் சரிந்தன. அங்கே மீனைத் தீர்த்தது பறவை அல்ல.

● சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாயில் அடைந்திருக்கும் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காக, தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

● குளம் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் நரம்பைக் குளத்தின் மேல் கட்டாதீர்கள். அதில் சிக்கிய கூழைக்கடா சிறகு முறிந்து, நாள்கணக்கில் தொங்கிச் சாகும். பறவைக்குத் தூரத்திலேயே தெரியும்படி தடித்த, வெள்ளை அல்லது வண்ணக் கயிறு வாங்குங்கள். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள், அறுந்த துண்டுகளை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். விஷம் வைப்பதும் சுடுவதும் 1972-ன் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தப்பித் தவறி ஒரு பறவை சிக்கிவிட்டால் ஒரு துணியால் அதன் தலையை மூடிவிட்டு, பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.