பிறர் ஏட்டில் தெரியும் விற்பனை

ஒரு நிறுவனம் தனது கணக்கை வெளியிடும் முன்னரே அதன் காலாண்டு விற்பனையைக் கணிக்க முடியுமா? அதனுடன் வர்த்தகம் புரியும் பிறிதொருவரின் கணக்கு பகிரங்கமாக இருந்தால் முடியும். ஆயின், அக்கணக்கு எதனை அளக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

2007 ஜூன் 29 ஆம் திகதி அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தபோது, ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் மட்டுமே அங்கு அதற்கு இணைப்பு வழங்கியது. முதல் இரு நாட்களில் 146,000 இணைப்புகளை வழங்கியதாக அது ஜூலையில் அறிவித்ததும் அப்பிளின் பங்கு விலை சரிந்தது. மறுநாள், முதல் 30 மணித்தியாலங்களில் 270,000 தொலைபேசிகள் விற்பனையானதாக அப்பிள் அறிவித்தது. இரண்டுமே உண்மை. முன்னது இயக்கப்பட்ட இணைப்புகளின் தொகை. பின்னது விற்கப்பட்ட கருவிகளின் தொகை.

அவ்வாண்டின் இறுதியிலும் இதே முரண்பாடு எழுந்தது. அப்பிள் விற்றது ஏறக்குறைய 37 இலட்சம், ஏ.ரி. அன்ட் ரி.யின் ஐபோன் வாடிக்கையாளரோ சுமார் 20 இலட்சம். ஐரோப்பிய விற்பனை, கடைகளில் தேங்கிய இருப்பு, பூட்டு நீக்கப்பட்டு வேறு வலையமைப்புகளுக்குச் சென்றவை ஆகியவையே இடைவெளியை விளக்கின. 2018 நவம்பரில், இனி விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என அப்பிள் அறிவித்தபின் இவ்வகைக் கணிப்பின் தேவை மேலும் கூடியது.

இக்கணக்கு தலவாக்கலைக்கும் அந்நியமானதன்று. மலையகத் தேயிலையின் பெரும்பகுதி கொழும்பு வாராந்த ஏலத்தில் விற்கப்படுகின்றது. 1883 இல் தொடங்கிய அந்த ஏலத்தின் சராசரி விலைகளைத் தரகர்கள் வாரந்தோறும் வெளியிடுகின்றனர். ஒரு தோட்டம் காலாண்டில் ஓர் இலட்சம் கிலோ தேயிலையைச் சராசரி 1,200 ரூபாவுக்கு விற்றதாகக் கொண்டால் வருமானம் 12 கோடி ரூபா. ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. ஆகவே, நிறுவை ஏட்டிலிருந்தும் அதே தொகையைச் சரிபார்க்கலாம்.

பொறிகளும் அவ்வாறே உள்ளன. மார்ச்சில் பறித்த கொழுந்து அடுத்த காலாண்டில் ஏலத்துக்கு வரலாம். நேரடி விற்பனை ஏலப் புள்ளிவிபரத்தில் சேராது. தலவாக்கலை டீ எஸ்டேட்ஸ் போன்ற நிறுவனத்துக்குத் தெனியாயப் பகுதியிலும் தோட்டங்கள் உள்ளமையால், மலைநாட்டுச் சராசரியை மட்டும் கொண்டு முழு வருமானத்தையும் கணிப்பது தவறாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனை வேறு, இலாபம் வேறு.

நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட வேளைகளில், கம்பனிகளால் இயலுமா என்பதே விவாதத்தின் மையமாக இருந்தது. அவ்வினாவுக்கு உணர்ச்சி மாத்திரம் விடையாகாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் காலாண்டு அறிக்கைகளும் ஏல விலைகளும் எவரும் பார்க்கக்கூடியவை. அவற்றை ஒப்பிட்டு, இடைவெளிகளுக்கு விளக்கம் கேட்கும் பழக்கத்தைத் தொழிற்சங்கங்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும். தோராயமான கணக்காயினும், அதன் எல்லைகளை அறிந்து முன்வைத்தால் பேச்சுவார்த்தை மேசையில் அதற்குப் பெறுமதி உண்டு.