தலையை மார்பு முந்தும் வயது

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் நீளம் சுமார் 50 செ.மீ. அதில் கால்வாசி தலைதான். பெரியவர்களின் உயரத்திலோ தலைக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். குழந்தை வளரும்போது உருவம் பெரிதாவதோடு உறுப்புகளின் விகிதமும் மாறுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைக்குக் கால்கள் நீளாமல், வயது ஏறியும் கைக்குழந்தையின் விகிதமே நீடிப்பதுண்டு.

பிறந்தபோது தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும், மார்புச் சுற்றளவு அதைவிட 2 செ.மீ. குறைவு. ஒரு வயதை ஒட்டி இரண்டும் சமமாகும். பிறகு மார்பு முந்திவிடும். சத்துக் குறைவால் வாடும் குழந்தைக்கு இந்த முந்தல் தாமதமாகும். பட்டினியிலும் உடல் கடைசிவரை காப்பாற்றப் பார்ப்பது மூளையைத்தான். தசையும் கொழுப்பும் முதலில் கரைகின்றன. எனவே தலை ஓரளவு வளர, மார்பு பின்தங்குகிறது. எடையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்: கடும் ஊட்டக்குறைவில் கால் வீங்கி நீர் கோத்துக்கொண்டால் தராசு கூடுதலாகவே காட்டும்.

ஆனால் தலையே நோயுற்றிருந்தால் இந்த ஒப்பீடு உதவாது. மூளையில் நீர் தேங்கினால் தலை வேகமாகப் பெரிதாகும். 2015-ல் பிரேசிலில் சிக்கா வைரஸ் தாக்கிய தாய்மார்கள் பலருக்குத் தலை மிகச் சிறுத்த குழந்தைகள் பிறந்தன. ஆகவே ஒருமுறை அளந்தால் போதாது. முதல் மூன்று மாதங்களில் மாதம் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதம் 1 செ.மீ. என்ற கணக்கில் தலை வளர்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். தையற்காரரின் துணி நாடா நாளாக நாளாக இழுபட்டு நீண்டுவிடும். இழுபடாத நாடாதான் சரி. புருவத்துக்கு மேலே தொடங்கி, பின்னந்தலையின் துருத்திய மேட்டைச் சுற்றி வர வேண்டும். குடுமி போட்டிருந்தால் அவிழ்த்துவிட வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இன்னும் எளிய சோதனை உண்டு. மேற்கையின் நடுவில் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் அது கடும் ஊட்டக்குறைவு. உடனே சிகிச்சை தேவை.

தடுப்பூசிக்குப் போகும்போது எடையோடு தலை, மார்புச் சுற்றளவுகளையும் அளந்து அட்டையில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஒரு வயது தாண்டியும் மார்பு தலையை எட்டவில்லை என்றால், குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.