ஊறிய நெல்லும் ஒளிரும் புள்ளியும்

"அப்பாவுக்கு வலது கை மரத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

அவசியம்தான். மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் சி.டி. உடனே காட்டிவிடும். அடைப்பால் வரும் சிறு பக்கவாதமோ பெரும்பாலும் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். சில மில்லிமீட்டர் அளவேயான அந்தப் புண்ணைக் கண்டுபிடிப்பது எம்.ஆர்.ஐ.யின் 'டிஃப்யூஷன்' படம். எனக்கு அதன்மேல் தீராத வியப்பு. அது படமெடுப்பது தண்ணீரின் நடமாட்டத்தை!

நீர் மூலக்கூறுகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. தடையில்லாத நீரில் ஒரு மூலக்கூறு 50 மில்லிநொடியில் சுமார் 17 மைக்ரான் நகர்ந்துவிடும். கருவி முதலில் ஒரு காந்தத் துடிப்பால் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இடத்துக்கேற்ற அடையாளம் இடுகிறது. அடுத்த துடிப்பால் அதை அழிக்கிறது. இருந்த இடத்திலேயே இருந்தவற்றின் அடையாளம் முழுதாக அழிந்து, அவை பிரகாசமாகத் தெரியும். அலைந்தவை மங்கிவிடும்.

ரத்தம் நின்ற இடத்தில், சோடியத்தை வெளியே தள்ளும் செல்லின் பம்பு ஓய்ந்துபோகிறது. நீர் உள்ளே புகுந்து செல் உப்புகிறது. சிறுவயதில் எங்கள் வீட்டில் விதைநெல் மூட்டையைக் குளத்தில் ஊறப்போடுவார்கள். காய்ந்த மூட்டைக்குள் முழங்கை வரை கையை நுழைப்பேன். மறுநாள் விரல்கூட இறங்காது. உப்பிய செல்களுக்கு நடுவே நீரின் நிலையும் அதுதான். நகர வழியில்லாத நீர் படத்தில் வெள்ளைப் புள்ளியாகிறது.

பிரான்ஸின் டெனி லெ பியான் 1980களின் நடுவில் இந்த முறையில் மூளையைப் படமெடுத்தார். 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளின் மூளை ரத்தக்குழாயை அடைத்துப் பார்த்தார்கள். வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் மணிக்கணக்கில் எதையும் காட்டாதபோது, இது 45 நிமிடத்துக்குள் காட்டிவிட்டது.

அந்த வெண்மை இரண்டு வாரம்போல இருந்து மெல்ல மங்கும். அதனால்தான் தாமதிக்கக் கூடாது என்கிறேன். தானாகச் சரியானவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புள்ளி தெரிகிறது. நாமோ வாயுப் பிடிப்பென்று தைலம் தேய்த்துப் படுக்கவைக்கிறோம். தலைசுற்றல் இல்லையென்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறோம். எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்!

மீண்டும் கை மரத்தாலோ வாய் கோணினாலோ எம்.ஆர்.ஐ.க்காகக் காத்திருக்க வேண்டாம், அம்மா. நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். இப்போது ஸ்கேனுக்குப் போகும்போது, அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.