பழைய காருக்கு எண்ணெய் எவ்வளவு?

நான்கு லிட்டர் எஞ்சின் எண்ணெயை முழுவதும் ஊற்றிவிடலாமா என்று, பழைய கார் வாங்கிய கிராஞ்சிப் பக்கத்துப் பேட்டைவாசி ஒருவர் நம்மிடம் வினவினார். கொள்ளளவு காரின் பெயரைப் பொறுத்ததன்று, எஞ்சினைப் பொறுத்தது. டொயோட்டா கொரோலா ஆல்ட்டிஸ் 1.6 என்னும் ஒரே பெயரில், முந்தைய 3இசட்இசட் எஞ்சினுக்கு வடிகட்டியையும் சேர்த்து மாற்றுகையில் 3.7 லிட்டர் வேண்டும். பிந்தைய 1இசட்ஆர் எஞ்சினுக்கோ 4.2 லிட்டர். ஆகவே பதிவு ஆவணத்திலுள்ள எஞ்சின் எண்ணைக் காரின் கைந்நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அந்நூலில் உலர் கொள்ளளவு என்று மிகுதியாகக் காணப்படும் அளவு, புத்தம்புதிய எஞ்சினுக்குரியது. பழைய எண்ணெயில் ஒரு பங்கு எப்போதும் உள்ளேயே தங்கிவிடும்.

முதலில் அரை லிட்டர் குறைவாகவே ஊற்றுக. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளவுகம்பியைப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மேற்குறியை மிகவும் தாண்டினால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உராய்வைத் தடுக்காது.

வடித்த எண்ணெயை வடிகாலில் கொட்டுவாரும் உளர். கிராஞ்சி வட்டார வடிகால் நீர், 1975இல் கட்டி முடிக்கப்பட்ட கிராஞ்சி நீர்த்தேக்கத்தைச் சென்றடையக்கூடும். நம் குடிநீருக்கு அதுவும் ஓர் ஊற்று. மூடியிட்ட கலனில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைத்தலே முறை.